மலையேறும் பெண்களுக்கு ஏற்ற முதுகுப்பை எது?
வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மும்பையில் இருந்து கர்ஜத், கசாரா பக்கம் போகும் மின்சார ரெயில்களில் ஒரு தனிக் கூட்டத்தைக் காணலாம். காலில் ரப்பர் அடி வைத்த ஷூ, முதுகில் பை, கையில் தண்ணீர் பாட்டில். இவர்கள் சகியாத்திரி மலைக்கோட்டைகளுக்குப் போகிறவர்கள்.

மராட்டிய இளைஞர்களுக்கு இது பல ஆண்டுப் பழக்கம். இப்போது தாராவி, சயான், செம்பூர், முலுண்ட் பகுதிகளில் இருந்து வேலைக்குப் போகும் தமிழ்ப் பெண்களும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்து வருகிறார்கள். வாரத்தில் 6 நாள் அலுவலக நாற்காலி, ரெயில் நெரிசல். ஏழாவது நாள் மலைக்காற்று.

மலைக்குப் போக ஆசை இருக்கிறது. கூட வரத் தோழிகள் இருக்கிறார்கள். வீட்டிலும் ஒரு வழியாகச் சம்மதம் கிடைத்துவிடுகிறது. ஆனால் முதல் பயணத்திலேயே தோள் வலி, கழுத்து வலி, இடுப்புப் பிடிப்பு என்று திரும்பி வந்து, "எனக்கு இது ஒத்துவராது" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

பல நேரங்களில் குற்றம் உடம்பில் இல்லை. முதுகில் தொங்கிய பையில்தான் இருக்கிறது. தம்பியின் கல்லூரிப் பையையோ, அண்ணனின் பெரிய பையையோ மாட்டிக்கொண்டு போனால் வலிக்கத்தான் செய்யும்.

மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குகிற பொருள் இது. ஒரு முறை தவறாக வாங்கினால், மறுமுறை வாங்க ஒரு வருடம் ஆகும். ஆகவே கடைக்குப் போகும் முன் சில விஷயங்களைத் தெரிந்து கொள்வது நல்லது.

குடம் கற்றுத்தரும் பாடம்

தமிழ்நாட்டுக் கிராமத்தில் தண்ணீர் எடுக்கும் பெண் குடத்தை எங்கே வைக்கிறாள்? இடுப்பில் வைக்கிறாள். தோளில் கயிறு கட்டித் தொங்கவிடுவதில்லை. இடுப்பு எலும்பு பாரத்தைத் தாங்கும், தோள் தாங்காது என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தராத பாடம்.

நல்ல முதுகுப்பையின் ரகசியமும் இதுதான். பை முதுகில் இருந்தாலும் பாரத்தின் பெரும்பகுதி இடுப்பு எலும்பின் மேல் உட்கார வேண்டும். அதற்காகத்தான் பஞ்சு வைத்த அகலமான இடுப்பு வார் வைக்கிறார்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த டிக் கெல்டி என்பவர் 1952-ம் ஆண்டு அலுமினியச் சட்டம் வைத்த முதுகுப்பைகளைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். பாரத்தைத் தோளில் இருந்து இடுப்புக்கு இறக்கும் முறை அதன் பிறகுதான் பரவியது. இன்று அந்தச் சட்டம் பைக்கு வெளியே தெரிவதில்லை. மெல்லிய கம்பியாகவோ, பிளாஸ்டிக் தகடாகவோ பையின் முதுகுப் பக்கத்துக்குள்ளே மறைந்திருக்கிறது.

எத்தனை லிட்டர்?

முதுகுப்பையின் அளவை லிட்டரில் சொல்கிறார்கள். பைக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான் இதன் பொருள்.

காலையில் போய் மாலையில் திரும்பும் பயணத்துக்கு 20 முதல் 25 லிட்டர் பை போதும். லோகாட், கர்நாலா, மாதேரான் போன்ற இடங்கள் இந்த வகை.

ஓர் இரவு தங்கித் திரும்ப 35 முதல் 40 லிட்டர் வேண்டும். ஸ்லீப்பிங் பேக், விரிப்பு, மாற்று உடை, கூடுதல் உணவு ஆகியவை இடத்தை அடைக்கும்.

50, 60 லிட்டர் பைகள் கடையில் கம்பீரமாகத் தொங்கும். அவை பல நாள் இமயமலைப் பயணத்துக்கு. இடம் இருந்தால் அதை நிரப்பத்தான் மனம் போகும். பெரிய பை வாங்கியவர், தேவையில்லாத பொருளையும் சேர்த்துச் சுமப்பார்.

எவ்வளவு எடை தூக்கலாம்?

பகல் பயணத்துக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, இரவு தங்கும் பயணத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு. இதற்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்பது மலையேறுவோர் வைத்திருக்கும் கணக்கு.

50 கிலோ எடையுள்ள பெண் என்றால் பகலுக்கு 5 கிலோ, இரவுக்கு 10 கிலோ. இந்தக் கணக்கில் பையின் சொந்த எடையும் சேரும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு பகல் பயணத்தை எடுத்துக்கொள்வோம். பை 700 கிராம். தண்ணீர் 2 லிட்டர், அதாவது 2 கிலோ. சாப்பாடு 600 கிராம். மழைக்கோட்டு 300. ஒரு மாற்று உடை 400. டார்ச் 150. மருந்து 150. போன், பணப்பை, சாவி 300. ஆக மொத்தம் 4 கிலோ 600 கிராம். கணக்குக்குள் அடங்குகிறது.

இரவு தங்குவதானால் பை 1,200 கிராம், தண்ணீர் இரண்டரை கிலோ, உணவு 900, ஸ்லீப்பிங் பேக் 1,200, விரிப்பு 300, ஸ்வெட்டர் 400, மாற்று உடை 600, மழைக்கோட்டு 300, டார்ச் 150, மருந்து மற்றும் பெண்களுக்கான பொருள்கள் 250, போன் மற்றும் பவர் பேங்க் 500, தட்டு டம்ளர் 200. மொத்தம் எட்டரை கிலோ.

இதே பொருள்களை இரண்டரை கிலோ எடையுள்ள கனமான பையில் வைத்தால் மொத்தம் 9 கிலோ 800 கிராம் ஆகிவிடும். வெறும் பையே எல்லையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இதனால்தான் இலகுவான பை வேண்டும் என்கிறார்கள்.

பகல் பை 700, 800 கிராமுக்குள்ளும், இரவுப் பை ஒன்று முதல் ஒன்றரை கிலோவுக்குள்ளும் இருப்பது உசிதம். பையில் தொங்கும் அட்டையில் எடை எழுதியிருக்கும். இல்லாவிட்டால் கடைக்காரரைக் கேட்டு நிறுத்துப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. எடை குறைவு என்பதற்காக இடுப்பு வாரே இல்லாத, முதுகில் விறைப்பே இல்லாத துணிப்பையை இரவுப் பயணத்துக்கு வாங்கக் கூடாது. அப்படி மிச்சம் பிடித்த 300 கிராம், 8 கிலோ பாரத்தையும் தோளில் தொங்க வைத்துவிடும்.

பார்க்க வேண்டியது உயரம் அல்ல, முதுகு

சட்டைக்கு அளவு இருப்பது போல முதுகுப்பைக்கும் அளவு உண்டு. ஆனால் ஆளின் உயரத்தை வைத்து அது முடிவாவதில்லை. முதுகின் நீளத்தை வைத்து முடிவாகிறது. உயரமான பெண்ணுக்குக் கால் நீளமாகவும் முதுகு குட்டையாகவும் இருக்கலாம்.

இதை வீட்டிலேயே தையல் டேப் கொண்டு அளந்துவிடலாம். தலையை முன்னால் குனிந்தால் கழுத்தின் பின்புறம் அடியில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு கையில் தட்டுப்படும். அது மேல் புள்ளி.

பிறகு இரண்டு கைகளையும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்பில், கட்டை விரல் பின்னால் இருக்கும்படி வைக்க வேண்டும். இரண்டு கட்டை விரல்களுக்கும் நடுவே முதுகெலும்பில் படும் இடம் கீழ்ப் புள்ளி. இரண்டுக்கும் இடையே உள்ள நீளத்தை அம்மாவோ, தோழியோ அளந்து சொல்லலாம்.

பொதுவாக 16 முதல் 17½ அங்குலம் வரை 'ஸ்மால்', 18 முதல் 19½ வரை 'மீடியம்'. கம்பெனிக்குக் கம்பெனி இது சற்று மாறும். முதுகின் நீளத்துக்கு ஏற்ப தோள் வாரை ஏற்றி இறக்கும் வசதி உள்ள பைகளும் உண்டு. அக்காளும் தங்கையும் மாற்றி மாற்றி எடுத்துப்போகும் வீட்டுக்கு அது லாபம்.

பெண்களுக்கென்று தனிப் பையா?

நிறத்தை மாற்றி, பூப்போட்டு 'லேடீஸ்' என்று விற்பதும் உண்டு. உண்மையிலேயே பெண்களின் உடலுக்காக அளவெடுத்துச் செய்வதும் உண்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மூன்று இடங்களில் காணலாம்.

முதலாவது தோள் வார். ஆண்களின் பையில் இரண்டு வார்களுக்கும் இடைவெளி அதிகம். குறுகிய தோளில் அது வெளியே வழுக்கும். பெண்கள் பையில் வார்கள் நெருக்கமாகவும், மார்பை அழுத்தாமல் வளைந்து போகும்படியும் இருக்கும்.

இரண்டாவது முதுகின் நீளம். பெண்கள் பையில் அது குட்டையாக இருக்கும்.

மூன்றாவது இடுப்பு வார். பெண்களின் இடுப்பு அமைப்புக்கு ஏற்றபடி சற்றுச் சாய்வாகத் தைக்கப்பட்டிருக்கும்.

இந்த மூன்றும் இல்லாமல் நிறம் மட்டும் மாறியிருந்தால் அதற்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. அதேபோல ஆண்கள் பையின் 'ஸ்மால்' அளவு உடம்புக்குச் சரியாகப் பொருந்தினால் அதை வாங்குவதிலும் தவறில்லை. அட்டையில் எழுதியிருப்பதைவிட உடம்பு சொல்வதுதான் முக்கியம்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

வெறும் பையை மாட்டிக் கண்ணாடியில் பார்த்தால் எல்லாப் பையும் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே 5, 6 கிலோ எடை வைத்துப் பார்க்க வேண்டும். பெரிய விளையாட்டுப் பொருள் கடைகளில் வேறு சாமான்களை எடுத்து உள்ளே வைத்துப் பார்க்க விடுவார்கள். சிறிய கடை என்றால் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக் கொண்டு போகலாம்.

முதலில் எல்லா வார்களையும் தளர்த்திவிட்டுப் பையை மாட்ட வேண்டும். அடுத்து இடுப்பு வார். அது வயிற்றின் மேல் அல்ல, இடுப்பு எலும்பின் மேல் உட்கார வேண்டும். அதை இறுக்கிய பிறகே தோள் வாரை இழுக்க வேண்டும். கடைசியில் மார்பு வார். கழுத்துப்பட்டை எலும்புக்கு ஓர் அங்குலம் கீழே, மூச்சை அடைக்காமல் அது இருக்க வேண்டும்.

இடுப்பு வாரைக் கடைசி வரை இழுத்த பிறகும் லூசாக இருந்தால் அந்தப் பை வேண்டாம். மெலிந்த பெண்களுக்கு இந்தத் தொல்லை அடிக்கடி வருகிறது.

தோள் வாருக்கும் தோளுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் பை நீளம். இடுப்பு வார் ஏறி வயிற்றில் நின்றால் பை குட்டை. இரண்டும் சரியாக இருந்தால் கடைக்குள்ளேயே 10 நிமிடம் நடந்து, படி இருந்தால் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும்.

தலையை நிமிர்த்திப் பார்ப்பதும் அவசியம். கொண்டை போடுகிறவர்களுக்கு உயரமான பை பின்தலையில் இடிக்கும். ஏணியில் ஏறும்போது மேலே பார்க்க முடியாமல் போய்விடும். பின்னலைக் கீழே இறக்கிப் போட்டுக்கொள்வது ஒரு வழி. உயரம் குறைந்த பை எடுப்பது இன்னொரு வழி.

சுடிதார் அணிகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாடா முடிச்சு இடுப்பு வாரின் கொக்கிக்கு அடியில் மாட்டிக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் தோல் சிவந்துவிடும். முடிச்சைச் சற்று ஓரமாகப் போட்டுக்கொண்டால் போதும்.

ஏணியில் ஆடாத பை

பை பொருந்துவது வசதிக்கு மட்டும் அல்ல. பாதுகாப்புக்கும்தான்.

மராட்டிய மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரம் கல்சுபாய். உயரம் 1,646 மீட்டர். பாரி கிராமத்தில் இருந்து ஏறும் பாதையில் செங்குத்தான இடங்களில் இரும்பு ஏணிகள் இருக்கின்றன. உச்சியில் கல்சுபாய் அம்மன் கோவில்.

அந்த ஏணியில் ஏறும்போது லூசாகத் தொங்கும் பை ஆளைப் பின்னால் இழுக்கும். பக்கவாட்டில் ஆடும் பை கால் வைக்கும் நிதானத்தைக் கெடுக்கும். பையின் இரு பக்கமும் உள்ள சிறு வார்களை இழுத்து, பொருள்கள் உள்ளே உருளாதபடி இறுக்கிவிட வேண்டும். வெளியே டம்ளர், செருப்பு, பாலித்தீன் பை என்று கட்டித் தொங்கவிடக் கூடாது.

அடுக்குவதிலும் முறை இருக்கிறது. ஸ்லீப்பிங் பேக், மாற்று உடை அடியில். தண்ணீர், உணவு போன்ற கனமான பொருள்கள் நடுவில், முதுகை ஒட்டி. இலகுவானவை வெளிப்பக்கம். மழைக்கோட்டு, டார்ச், மருந்து மேலே, கை நீட்டினால் கிடைக்கும்படி.

மழை வந்தால்?

சகியாத்திரியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. மலைகள் பச்சைப் பசேல் என்று இருப்பதும், கூட்டம் அதிகம் போவதும் அப்போதுதான்.

'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. துணி தண்ணீர் விடாவிட்டாலும் தையல் வழியாகவும் ஜிப் வழியாகவும் தண்ணீர் நுழையும். மேலே போடும் மழை உறை வெளிப்பக்கத்தை மட்டுமே மூடும். முதுகு வழியாக வழியும் தண்ணீரை அது தடுக்காது. பலத்த காற்றில் கழன்று பறந்துவிடுவதும் உண்டு.

இதற்கு மலிவான பரிகாரம் உண்டு. கனமான பெரிய பிளாஸ்டிக் பையைப் பைக்குள் விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் வைத்து, வாயை முறுக்கி மடித்துவிட வேண்டும். போன், தீப்பெட்டி, மாத்திரைகளுக்குத் தனிச் சிறு பை. நனைந்த துணியோடு மலையில் இரவைக் கழிப்பது உடம்புக்கு ஆபத்து. உலர்ந்த ஒரு செட் உடை கட்டாயம் இருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் சில மலைகளுக்கும் அருவிகளுக்கும் அரசு நிர்வாகம் தடை விதிப்பது வழக்கம். புறப்படும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

ஜிப்பும் தையலும்

துணி எவ்வளவு உயர்ந்ததானாலும் பை முதலில் கெடுவது ஜிப்பில்தான். கடையிலேயே ஜிப்பை 10 முறை திறந்து மூடிப் பார்க்க வேண்டும். வளைவுகளில் மாட்டினால் அந்தப் பை வேண்டாம்.

தோள் வார் பையோடு சேரும் இடத்தில் ஒரே ஒரு தையல் வரி இருந்தால் அது பாரம் தாங்காது. குறுக்கும் நெடுக்கும் அழுத்தித் தைத்திருக்க வேண்டும். துணியில் சிறு கட்டங்கள் தெரியும் 'ரிப்ஸ்டாப்' நைலான், இலகுவாகவும் இருக்கும். ஓர் இடத்தில் கிழிந்தால் கிழிசல் சுலபத்தில் பரவாது.

ஜிப் போனால் பையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மும்பையில் ரெயில் நிலையங்களுக்கு வெளியே பை தைத்துத் தருகிறவர்கள் குறைந்த கூலியில் மாற்றித் தந்துவிடுவார்கள். ஆனால் இடுப்பு வாரின் கொக்கி உடைந்தால் அதே அளவில் கிடைப்பது சிரமம். ஆகவே கொக்கி உறுதியாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

ஒன்றா, இரண்டா?

பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று இரண்டு பை வாங்க எல்லோருக்கும் வசதி இராது. முதலில் எதை வாங்குவது?

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 20, 25 லிட்டர் பையோடு தொடங்குவதே புத்திசாலித்தனம். விலை குறைவு. மலை பிடிக்காமல் போனாலும் அலுவலகத்துக்கும் ஊருக்கும் உதவும்.

இரவு தங்கும் முதல் பயணத்துக்குப் பெரிய பையை வாடகைக்கோ, தோழியிடம் இரவலாகவோ வாங்கிப் போகலாம். இரண்டு மூன்று பயணத்துக்குப் பிறகு தன் உடம்புக்கு எது தேவை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ராஜ்மாச்சி போன்ற இடங்களில் கிராமத்து மக்களே வீட்டில் சாப்பாடு போட்டு, படுக்க இடமும் கொடுக்கிறார்கள். அங்கே தங்குவதானால் கூடாரமும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். 30 லிட்டர் பையே போதும்.

ஒரே பைதான் வாங்க முடியும், அதுவே இரண்டுக்கும் வேண்டும் என்பவர்கள் 30 முதல் 35 லிட்டருக்குள், இடுப்பு வார் உள்ளதாக, பக்க வார்களை இழுத்துச் சுருக்கக் கூடியதாக எடுக்கலாம். பகலில் பாதி காலியாக இருந்தாலும் சுருக்கிக்கொண்டால் ஆடாது.

ரெயிலில் போகும்போது

பெண்கள் பெட்டியில் ஏறியதும் பையைக் கழற்றி முன்பக்கமாக மாட்டிக்கொள்வதே மரியாதை. பின்னால் நிற்பவர் முகத்தில் இடிக்காது. திருட்டு பயமும் இல்லை. தொங்கும் வார்களைச் சுருட்டிச் செருகிவிட வேண்டும். இறங்கும் நெரிசலில் அவை கம்பியில் மாட்டிக்கொண்டால் விபரீதம்.

செஞ்சியும் உண்டு

1984-ம் ஆண்டு மே மாதம் பச்சேந்திரி பால் எவரெஸ்ட் உச்சியில் ஏறி, அந்தச் சாதனையைச் செய்த முதல் இந்தியப் பெண் ஆனார். எவரெஸ்ட் எல்லோருக்கும் அல்ல. ஆனால் லோகாட் எல்லோருக்கும் எட்டும். லோனாவ்லாவில் இறங்கி, புனே மின்சார ரெயிலில் அடுத்த நிலையமான மளவ்லிக்குப் போனால் அங்கிருந்து நடந்துவிடலாம். வழியில் பாஜா குகைகளையும் பார்க்கலாம்.

இந்த லோகாட் உட்பட மராட்டியர்களின் 12 கோட்டைகள் 2025-ம் ஆண்டு ஜூலை மாதம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அவற்றில் 11 கோட்டைகள் மராட்டிய மாநிலத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது, 1677-ம் ஆண்டு சிவாஜி கைப்பற்றிய நமது செஞ்சிக் கோட்டை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அந்தப் பையை அங்கேயும் கொண்டுபோகலாம்.

புதுப் பையோடு நேராக மலைக்குப் போய்விடக் கூடாது. முதலில் 4 கிலோ எடை வைத்து, வீட்டில் இருந்து மார்க்கெட் வரை ஒரு வாரம் நடந்து பார்க்க வேண்டும். எங்கே உறுத்துகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். பையை மாற்றிக்கொள்ளும் கெடு முடியும் வரை ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பது அவசியம்.